பொருள்: வாட்டர் பிளாக்: ‘நீர்க்கட்டி’ வேண்டாம், வேறு சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மேசைக் கணினிக்கு நீர்க்குளிர்ச்சி அமைக்கும் கையேட்டில் பம்பு, ரேடியேட்டர், டியூப், ஃபிட்டிங் எல்லாம் அப்படியே இருக்கலாம்; யாருக்கும் விளங்கும். வாட்டர் பிளாக்தான் இடறுகிறது. வரைவில் ‘நீர்க்கட்டி’ என்று இருக்கிறது. அது ஸ்கேன் சென்டரில் கேட்கிற சொல். செயலியின் சூட்டை வாங்கி நீரில் விடுவதுதானே அதன் வேலை, ‘வெப்ப உறிஞ்சி’ என்று வைக்கலாமா?

> ‘வெப்ப உறிஞ்சி’ என்று வைக்கலாமா?

அந்தச் சொல்லை, சூட்டைக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் ஐயா. ஒரே கையேட்டில் இரண்டும் வரும், படிப்பவர் குழம்புவார். ‘குளிர்தகடு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது செயலியின் மேல் உட்காரும் செப்பு அடித்தகட்டுக்கு மட்டுமே பொருந்தும். அந்தத் தகட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் மெல்லிய உலோகத் துடுப்புகள் (ஃபின்) வெட்டியிருக்கும். நிறமி கலந்த திரவத்தின் படிவும், புது ரேடியேட்டரைக் கழுவாமல் பூட்டினால் வரும் பற்றவைப்புக் கசடும் அங்கேதான் அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்யும் பகுதியை எழுதும்போது தகடு, ஓ-ரிங் (கசிவு தடுக்கும் ரப்பர் வளையம்), மூடி மூன்றுக்கும் தனிப் பெயர் வேண்டும். மொத்தத்துக்கு இன்னொன்று வேண்டும்.

என் பரிந்துரை ‘பாளம்’. செப்புப் பாளம் என்பது பழகிய வழக்கு. செயலிப் பாளம், வரைகலைப் பாளம் என்று ஒட்டவும் வருகிறது. முன்னால் ‘நீர்’ சேர்க்காதீர்கள், ஐஸ் ஞாபகம் வந்துவிடும்.

> என் பரிந்துரை ‘பாளம்’.

எனக்குச் சம்மதம். கையேட்டுப் பத்தி ஒன்றில் போட்டுப் பார்த்தேன்:

“செயலி 150 வாட், வரைகலை அட்டை 300 வாட் என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, 240 மி.மீ. ஒன்று போதும். பாளம் செம்பென்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் கலந்தால் அது அரித்துப்போகும். தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும், பம்பு வறண்டு ஓடினால் பேரிங் கெடும். பாளங்களை எந்த வரிசையில் இணைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை: நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும்போது 450 வாட் சூடு மொத்தமாகவே நீரை ஏறத்தாழ 1.6 டிகிரிதான் ஏற்றும். ஆனால் செயலிப் பாளத்தின் உள்வாயையும் வெளிவாயையும் மாற்றிவிடாதீர்கள்; வரும் நீர் துடுப்புகளின் நடுவில் இறங்கும்படி அமைத்திருப்பார்கள். ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினால் போதும், கசிவைத் தடுப்பது ஓ-ரிங். ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக் மூடி விரிசல் விடும்.”

சொல் எங்கும் உறுத்தவில்லை. ‘லூப்’ என்பதற்கு ‘நீர்ச்சுற்று’ என்று எழுதிவிடலாம், அதற்கு விவாதமே தேவையில்லை.

இன்னொன்று பாக்கி. நீர்ச்சுற்றில் சிக்கிய காற்றை அகற்றும் ‘பிளீடிங்’குக்கு, பிரேக் மெக்கானிக் சொல்கிற ‘ஏர் எடுத்தல்’ சரிவருமா?

> ‘ஏர் எடுத்தல்’ சரிவருமா?

பம்பு இருக்கும் இடத்தில் சிக்கல். ‘பம்பு ஏர் எடுக்குது’ என்றால் நீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது என்று ஆகிவிடும், நேர் எதிர்ப் பொருள். ‘காற்று வெளியேற்றல்’ நீளமானாலும் பிசகாது. அந்தப் பத்தி இப்படிப் போகலாம்:

“நீர் நிரப்புமுன் கைப்பம்பால் 0.5 பார் காற்றழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். பிறகு மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டுங்கள். தொட்டி வற்றுமுன் நிறுத்தி, நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். காற்று வெளியேற்ற, பெட்டியை மெல்ல இருபுறமும் சாய்க்கவும். ரேடியேட்டரின் மேல்மூலையில் தங்கிய குமிழ் அப்போதுதான் நகரும். பாளத்துக்குள் குமிழ் நின்றால் நீர் ஓடியும் செயலி சூடாகும்.”

வடிகால் வால்வை நீர்ச்சுற்றின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் வரி வரைவில் விடுபட்டிருக்கிறது. சேர்த்துவிடுங்கள்.