நைட் டூட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிவு. கேஸ் ஷீட்டில் 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதிவிட்டார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடைக்குமா?

மத்தூர்க்காரன்

வணக்கம். என் மனைவி கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். போன வாரம் நைட் டூட்டியில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஊசி டிரேயோடு வார்டிலிருந்து வராந்தாவுக்கு வந்தவர் வழுக்கி விழுந்துவிட்டார். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் அங்கே சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைப்பார்கள். ஈரம் காயவில்லை, எச்சரிக்கைப் பலகையும் வைக்கவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அங்கேயே எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கட்டு இருக்குமாம்.

சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் கேஸ் ஷீட் நகலைப் பார்த்தால், "வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று இருக்கிறது. இவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஹெச்.ஆர். போன் செய்து, "ரப்பர் செருப்பு போட்டு வந்தது உங்க தப்பு. மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுங்க, பார்த்துக்கலாம்" என்கிறார். சம்பளம் 15,000. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் 113 ரூபாய். லீவ் எழுதிக் கொடுக்கலாமா?

பர்கூர் ராஜா

வக்கீலைப் பாருங்க பாஸ். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும்.

ஓசூர் சிப்காட்

ராஜா சொல்வது இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் போக முடியாது, சட்டமே தடுக்கிறது. 113 ரூபாய் என்றால் 15,000-க்கு 0.75 சதவீதம், கணக்குச் சரியாக இருக்கிறது. நிர்வாகமும் தன் பங்கு 3.25 சதவீதம் கட்டுகிறதா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் அவருடைய காப்பீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள் தம்பி.

லீவ் கடிதம் எழுதவே எழுதாதீர்கள். 'வீட்டில் விழுந்தார்' என்று ஆகிவிட்டால் அது வெறும் நோய்ப் பலன். அதில் சம்பளத்தில் 70 சதவீதம்தான், அதுவும் முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால்தான். பணியிடக் காயம் என்றால் தற்காலிக இயலாமைப் பலன், 90 சதவீதம். இத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. உங்கள் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய 450 ரூபாய், இல்லையென்றால் 350. இந்த நூறு ரூபாயைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு மணிக்கட்டு சரியாக மடங்காமல் போனால் நிரந்தர இயலாமைப் பலன் கேட்பதற்கு இந்தப் பதிவுதான் அடிப்படை. வீட்டில் விழுந்தவருக்கு அது கிடையாது.

செருப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இ.எஸ்.ஐ.யில் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. வேலை நேரத்தில் நடந்த விபத்து, மாறாகச் சாட்சி இல்லாவிட்டால், வேலையால் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெச்.ஆர். உங்களைப் பயமுறுத்துகிறார், அவ்வளவுதான்.

மத்தூர்க்காரன்

நன்றி அண்ணா. ஆனால் கேஸ் ஷீட்டை எப்படி மாற்றுவது? டாக்டரும் அதே மருத்துவமனை ஆள்தானே.

நைட்டிங்கேல் அக்கா

நான் தர்மபுரியில் நர்சிங் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, அடித்துத் திருத்த மட்டும் விடாதீங்க. அடித்த ஷீட்டைப் பார்த்தால் யாருமே நம்ப மாட்டார்கள். பழைய வரி அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே அன்றைய தேதி, நேரம் போட்டு, "நோயாளி பணியில் இருக்கும்போது வார்டு வராந்தாவில் விழுந்ததாகத் தெரிவிக்கிறார்" என்று கூடுதல் குறிப்பாக எழுதி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள்.

அதைவிடப் பலமான சாட்சி வார்டிலேயே இருக்கும். நைட் ரிப்போர்ட் புத்தகம். காலை டூட்டிக்கு வந்த சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது, "சிஸ்டர் விழுந்துவிட்டார், கேஷுவாலிட்டிக்கு அனுப்பினோம்" என்று யாராவது கட்டாயம் எழுதியிருப்பார்கள். எழுதாமல் பொறுப்பு மாற்ற முடியாது. டூட்டி ரோஸ்டரும் அப்படித்தான், ஐந்தரை மணிக்கு டூட்டியில் இருந்தவர் எப்படி வீட்டில் விழுவார்? இன்சார்ஜுக்கு அன்று காலையில் வாட்ஸ்அப் போட்டிருந்தால் அழித்துவிட வேண்டாம். தரை துடைத்த அம்மாவைச் சாட்சிக்கு இழுக்காமல் முடிந்தால் நல்லது. பாவம், ஒப்பந்த ஆள், முதலில் அவர் வேலைதான் போகும்.

ஓசூர் சிப்காட்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அதோடு நிர்வாகத்துக்கு விபத்து அறிவிப்பாக ஒரு கடிதம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். அவருக்குப் பதில் நீங்களே எழுதலாம். விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள், நிர்வாகம் தர வேண்டிய விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ இ.எஸ்.ஐ.க்கு அனுப்புங்கள், அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காதீர்கள் என்று அதில் கேளுங்கள். நகலை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எக்ஸ்ரேயோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் உடனே போங்கள், அந்த டாக்டர் சான்றிதழ் இல்லாமல் பணம் நகராது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. கடிதத்தில் பிரிவு எண் எதுவும் போடாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பாலக்கோடு

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், படிக்கட்டில் விழுந்துவிட்டார். இ.எஸ்.ஐ. பிடிக்கவே இல்லை. அவருக்கும் இதே வழியா?

ஓசூர் சிப்காட்

முதலில் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிடிக்காமல் விட்டது ஒப்பந்ததாரர் தப்பு. முதன்மை முதலாளி என்ற முறையில் மருத்துவமனையும் பொறுப்பு. விவரத்தைத் தனி இழையில் போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

மத்தூர்க்காரன்

நேற்றுக் கடிதம் கொடுத்தோம். நைட் ரிப்போர்ட்டில் அக்கா சொன்ன மாதிரியே எழுதியிருந்தது, கூட வேலை செய்யும் சிஸ்டர் போட்டோ அனுப்பினார். அதைக் காட்டியதும் டாக்டர் கூடுதல் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். ஹெச்.ஆர். மட்டும் படிவம் 12 அனுப்பத் தயங்குகிறார், வேலையை விட்டு நிறுத்துவோம் என்று ஜாடையாகப் பேசுகிறார்.

ஓசூர் சிப்காட்

இயலாமைப் பலன் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அதையும் எழுத்தில் கேளுங்கள், பேச்சு தானாக மாறும். திங்கட்கிழமை வரை படிவம் போகவில்லை என்றால் முத்திரை போட்ட நகலோடு கிளை மேலாளரை நேரில் பாருங்கள். கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபி முடிந்தும் கை முழுதாக மடங்காவிட்டால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். சம்பாதிக்கும் திறனில் 10 சதவீத இழப்பு என்று அவர்கள் முடிவு செய்தால்கூட, நாளுக்கு 45 ரூபாய் கணக்கில் வாழ்நாள் முழுக்க வரும்.