டியூரோடாக்சிஸ்: கடினமா, கெட்டியா, விறைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திசுப் பொறியியல் பற்றிய கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டது. டியூரோடாக்சிஸுக்கு, அதாவது செல் குழைவான பரப்பிலிருந்து இசையாத பரப்பை நோக்கி நகர்வதற்கு, தமிழ்ச் சொல் அமையவில்லை. செல் ஒட்டியிருக்கும் பரப்பு எவ்வளவு இசைந்துகொடுக்கிறது என்பதைப் பொறுத்து அதன் போக்கே மாறுகிறது. 2006-இல் எங்க்ளர், டிஷர் குழுவினர் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல் வளர்த்தார்கள். மூளையைப் போலக் குழைவான, இசையாமையின் அளவு 1 கிலோபாஸ்கலுக்கு உட்பட்ட ஜெல்லில் அவை நரம்பணு போலக் கிளைவிட்டன. 10-ஐ ஒட்டித் தசையின் சாயல். 30-ஐ ஒட்டி எலும்பின் சாயல். ஊட்டக் கரைசல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் ஸ்டிஃப்னஸ் எனப்படும் இந்த இசையாமைக்குக் 'கடினத்தன்மை' என்று எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை. கடினம் என்பது கீறலுக்கும் குழிவுக்கும் எதிர்நிற்பது. இங்கே பேசுவது, இழுத்தால் எவ்வளவு இசையும், விட்டால் மீளும் என்பதை. தவிர, 'செல் கடினத்தை உணர்கிறது' என்றால் அது ஏதோ துன்பப்படுவதுபோல் இருக்கிறது. 'விறைப்பு' எப்படி?

மறுமடல்

ஐயா, விறைப்பு என்றதும் மார்கழிக் குளிரில் மரத்துப்போன கைதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட்டால் நாளிதழின் கடைசிப் பக்க மருத்துவ விளம்பரம். 'கெட்டி' என்றால் என்ன? கெட்டித் தயிர், கெட்டிச் சுவர் என்று எல்லோரும் சொல்வதுதானே. டியூரோடாக்சிஸுக்கு 'கெட்டிப்பெயர்ச்சி' என்று வைத்துவிடலாம்.

இன்னொன்று: நீங்கள் 'செல்' என்கிறீர்கள், எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அது 'கலம்'. கட்டுரையில் ஒருமுறையாவது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுமடலுக்கு மறுமொழி

அம்மா, கலத்தைச் சேர்த்துவிட்டேன். கெட்டியில் ஒரு சிக்கல்: கெட்டிக் குழம்பு என்றும் சொல்கிறோமே, அது பாகுத்தன்மை. இத்துறையில் இரண்டும் அருகருகே வரும், குழம்பிவிடும். கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கிறது என்பதும் நம் வழக்குதான். விளம்பரக்காரர்களிடமிருந்து சொல்லை மீட்டுக்கொள்வோம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'விறைப்புக் குணகம்' உண்டு. அது சறுக்குப்பெயர்ச்சிக்கானது (ஷியர்) என்றாலும் குணகம் என்ற வால் கூடவே வருவதால் மோதாது.

டியூரோடாக்சிஸுக்குக் 'கெட்டிப்பெயர்ச்சி'யில் உள்ள 'பெயர்ச்சி'யும் வேண்டாம். அடுத்த வரியில் ராசிபலன் வரும் என்று வாசகர் காத்திருப்பார். 'சார்பசைவு' தாவரம் வளைவதற்குப் போய்விட்டது. இங்கே செல் முழுவதும் இடம் மாறுகிறது. 'விறைநகர்வு' என்று சுருக்கிப் பார்த்தேன். ற-வும் ர-வும் வாயில் ஒன்றாகிவிடுவதால் வேகமான நகர்வு என்று காதில் விழுகிறது.

பெயர் பிறந்த 2000-ஆம் ஆண்டுச் சோதனையைப் பாருங்கள். ஜெல்லின் ஒரு பாதி குழைவு, மறு பாதி விறைப்பு. குழைவிலிருந்து வந்த நாரரும்பு செல்கள் (ஃபைப்ரோபிளாஸ்ட்) எல்லையைத் தாண்டிப் போய் அகலமாகப் பரந்தன. விறைப்பிலிருந்து வந்தவை எல்லையைத் தொட்டதும் பின்வாங்கின, அல்லது திரும்பிக்கொண்டன. செல் தன் ஆக்டின் என்ற புரத இழைகளால் தரையை இழுத்துப் பார்க்கிறது. தரை கூடவே வந்தால் பிடி தளர்கிறது. எதிர்த்து நின்றால் தரையைப் பற்றும் ஒட்டுமுனைகள் பெருத்துப் பிடி வலுக்கிறது. இதற்கு 'நாட்டம்' பொருந்துகிறது: விறைப்புநாட்டம். சில மூளைப் புற்றணுக்கள் குழைவை நோக்கிப் போவதாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குக் 'குழைவுநாட்டம்' தானாகவே கிடைத்துவிடுகிறது.

மிச்சம் சப்ஸ்ட்ரேட், அதாவது செல் ஒட்டியிருக்கும் பரப்பு. நொதி வேதியியலிலும் அதே ஆங்கிலச் சொல்தான், பொருள் வேறு. இங்கே 'தாங்குபரப்பு' என்று எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கள் காலை கட்டுரை அச்சுக்குப் போகிறது.