மலைக்கிராமத்தில் மூளை ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கேள்வி – கோத்தகிரி ஆசிரியை

எங்கள் பள்ளியைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள்தான். மார்ச் மாதம் பல நாடுகளில் மூளை விழிப்புணர்வு வாரம் நடப்பதையொட்டி, பெற்றோரையும் அழைத்துப் பேச விரும்புகிறேன். சென்ற ஆண்டு, மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்றும், உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அது உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது என்றும் படம் காட்டி விளக்கினேன். கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய்மார்கள் மரியாதைக்காக அமர்ந்திருந்தார்களே தவிர, ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

பதில் – நரம்பியல் ஆய்வு மாணவன், சொந்த ஊர் குன்னூர்

வணக்கம் அம்மா. எண்களை விட்டுவிட்டு அவர்களுடைய விரல்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு கொண்டை ஊசியின் இரு முனைகளையும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, கண்ணை மூடியிருப்பவரின் விரல் நுனியில் மெல்லத் தொட்டால் இரண்டு முனைகள் என்று உடனே சொல்லிவிடுவார். அதே ஊசியால் முதுகைத் தொட்டால் ஒன்று என்றே சொல்வார். விரல் நுனியில் தொடு நரம்புகள் நெருக்கமாக இருப்பதும், அவற்றின் செய்தியை வாங்குவதற்கு மூளை பெரிய இடத்தை ஒதுக்கியிருப்பதும் இதற்குக் காரணம். கனடாவின் மான்ட்ரியலில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான், உடலின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்று காட்டும் வரைபடத்தை உருவாக்கி 1937இல் வெளியிட்டார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. (இதைச் சொன்னால் நிச்சயம் கேள்வி வரும்.) வயலின் போன்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர்களுக்கு இடக்கை விரல்களுக்கான மூளைப் பகுதி விரிந்திருப்பதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் இளங்கொழுந்தையும் முற்றிய இலையையும் தொட்டே பிரித்தறியும் விரல்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அந்தத் தாய்மார்களிடமே கேளுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், குன்னூர்

தம்பி சொன்னதோடு வெறிநாய்க்கடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டு 1907 முதல் குன்னூரில் இருக்கும் பாஸ்டர் நிலையத்தை அறியாதவர் நம் மலையில் இல்லை. கடித்த இடத்திலிருந்து அந்தக் கிருமி நரம்பின் வழியாகவே மெல்ல ஊர்ந்து மூளையை அடைகிறது. அது போய்ச் சேருமுன் தடுப்பூசி வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் நாள் கடத்தக் கூடாது என்கிறோம். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் சொல்வதும் இதற்காகவே.

பதில் – செவிலியர், ஊட்டி

வலிப்பையும் விட்டுவிடாதீர்கள், அம்மா. நரம்பணுக்களின் மின்துடிப்பு கட்டுமீறுவதே வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அது தானாகவே அடங்குவதால், கையில் கொடுத்த சாவிக்கொத்துதான் நிறுத்தியது என்று நம்பிவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. சாவிக்கொத்தை நானே ஒரு மாணவனின் கையில் திணித்திருக்கிறேன். அதை அன்று அவர்கள் முன் ஒப்புக்கொண்டு பேசுவேன். இன்று மாலை எங்கள் சத்துணவு அமைப்பாளரிடம் கொண்டை ஊசியைச் சோதித்தேன். அவர் தம் முதுகிலும் இன்னொரு முறை தொடச் சொன்னார்.