ஸ்ட்ரெயிட்னர் (சுருளாக வரும் தகட்டை, கம்பியை நிமிர்த்தும் மெஷின்) ரோலரோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஓசூர் ஃபிட்டர்:
பிரஸ் லைனில் தகட்டின் மேல்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஏழு ரோலர் ஸ்ட்ரெயிட்னர், விட்டம் 60 மி.மீ. மேனேஜர் பார்த்த உடனே "செட்டையே கழற்று" என்றார். நான் டேப் வைத்து அளந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் 236 மி.மீ. 60 ரோலர் ஒரு சுற்றுக்கு 188தானே வரும்? 236 என்றால் விட்டம் 75. எங்கள் லைனில் 75 இருப்பது தகட்டைக் கவ்வி இழுக்கும் பின்ச் ரோலர் மட்டும்தான். சொன்னேன். "நீ என்ன கணக்கு வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஏழையும் கழற்றி, பேரிங் மாற்றி, பூட்டி ஓட்டினால் அதே 236! அப்புறம்தான் மேல் பின்ச் ரோலரைத் துடைத்துப் பார்க்க விட்டார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு இரும்புத் துணுக்கு அப்பியிருந்தது. எண்ணெய்க்கல் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. அந்த "வாத்தியாரா" மட்டும் போகவில்லை.

கம்பி யார்டு:
கணக்கு சரி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கிரைண்டிங் போட்டு 58க்கு வந்த ரோலர் 182தான் காட்டும். எங்களுடையது 8 மி.மீ. டிஎம்டி காயிலை நிமிர்த்தும் மெஷின், ரோலருக்குப் பதில் கம்பியைச் சுற்றிச் சுழலும் டை. அதில் உங்கள் டேப் வேலைக்கு ஆகாது. டை தேய்ந்து, கம்பியின் வரி ஒரு பக்கம் மழுங்கியே வந்தது. சைட் இன்ஜினியர் விரலால் தடவிப் பார்த்து, "இதைக் கான்கிரீட் எப்படிப் பிடிக்கும்?" என்றார். லோடு அப்படியே திரும்பியது.

பழைய மெயின்டெனன்ஸ்:
எனக்கு ஒருமுறை பேரிங் இறுகி ரோலர் சுற்றாமல் நின்று, தகட்டை வழித்தது. அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ரோலரை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் ஒரே கியரில் ஓடும்போது விட்டம் வேறுபட்டால் ஒன்று வழுக்கும், கீறல் விழும். கிரைண்டிங்குக்கும் செட்டாகவே அனுப்புங்கள். எப்போதும் அகலம் குறைந்த தகட்டையே ஓட்டினால் ரோலர் நடுவில் மட்டும் தேயும், பிறகு அகலத் தகடு போட்டால் நேராக வராது. அழுத்தம் உள்ளே வரும் பக்கம் அதிகம், வெளியே போகும் பக்கம் ரோலர் இடைவெளி கிட்டத்தட்ட தகட்டின் கனமே போதும். பலர் வெளிப்பக்கத்தைப் போட்டு இறுக்குகிறார்கள். ஹாட் ரோல்டு (சூடாக உருட்டிய) தகட்டிலிருந்து உதிரும் செதில்தூளை ஏர் கன்னால் ஊதாதீர்கள், நேரே பேரிங்குக்குள் போகும். வேக்குவம் வைத்து எடுங்கள்.

ஓசூர் ஃபிட்டர்:
ஐயா, எங்கள் ரோலர் தேயவே இல்லை, துணுக்குதான் பிரச்சினை. ஏர் கன் விஷயத்தை வேண்டுமானால் மேனேஜரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள். ஊதச் சொல்வதே அவர்தான்.