இழை: குப்பை மண்ணில் ‘டார்கெட் மாஸ்கிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நெறியாளர் எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம்.

மெல்போர்ன் பக்கம் இருக்கும் தமிழர்களுக்காக நாம் தொகுக்கும் பொன்தேடல் கையேட்டில் ஐந்தாம் அத்தியாயம் முட்டிக்கொண்டு நிற்கிறது. பெண்டிகோ, பல்லாரட் வட்டாரத்துப் பழைய தோண்டல் நிலங்கள் பற்றியது. 1850களில் ஆட்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடங்கள் என்பதால் மண்ணெங்கும் துருப்பிடித்த ஆணி, பூட்ஸ் ஆணி, தகரத் துண்டு, கம்பி, ஈயக்குண்டு, தோட்டா உறை. இதற்கு நடுவே அரை கிராம் தங்கக்கட்டி கிடந்தால், உலோகம் காட்டும் எந்திரத்தில் (மெட்டல் டிடெக்டரில்) பக்கத்து ஆணியின் சத்தத்தில் அதன் சத்தம் எடுபடாமல் போகிறது. இதைத்தான் டார்கெட் மாஸ்கிங் என்கிறார்கள்.

முன்வரைவில் ‘இலக்கு முகமூடியிடல்’ என்று இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அதை எடுத்தாக வேண்டும். இதுவரை வந்த யோசனைகள்: மறைப்பு, கரவு, அமுக்கம், நிழல். ஞாயிறு மாலை பெங்களூரு அல்சூரில் கூடுகிறோம். அதற்குள் இங்கேயே அடித்துப் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

உரைகல் எழுதியது:

முகமூடி போனதே பெரிய நிம்மதி. என் வாக்கு ‘கரவு’க்கு. ஒளித்து வைத்தல் என்று நேரான பொருள், பழைய சொல், சின்னச் சொல். ‘மறைப்பு’ எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். குளியலறைத் திரைக்கும் அதே பெயர்தான்.

மாரிக்குப்பம் எழுதியது:

அக்கா, கரவுன்னு வாயால சொல்லிப் பாருங்க. கேக்கறவனுக்குக் கறவை மாடுதான் ஞாபகம் வரும். ‘கரப்பு’ன்னு மாத்தினா கரப்பான் பூச்சி. வயல்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெண்டு பேர் கத்திப் பேசிக்கிற வார்த்தை இது, ர-வா ற-வா தெரியாமப் போகக்கூடாது.

சுருளி எழுதியது:

சொல்லைத் தேடும் முன் ஒன்று. நாம் ஒரே பெயருக்குள் மூன்று வேறு கோளாறுகளைத் திணிக்கிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு. பெயர் ஒன்றாகவே இருந்தால் படிப்பவர் தவறான பொத்தானைத்தான் திருகுவார்.

முதலாவது, மண்ணுக்குள்ளேயே நடப்பது. எந்திரத்தின் நுனியில் இருக்கும் தேடுசுருள் அனுப்பும் மாறும் காந்தப்புலத்தால் தங்கத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. ஆணியிலும் பிறக்கிறது, அதோடு ஆணி காந்தமாகவும் ஆகிறது. வாங்கும் சுருளுக்கு இரண்டும் தனித்தனியாக வருவதில்லை, கூட்டுத்தொகை மட்டுமே வருகிறது. அந்தக் கூட்டுத்தொகையில் 2 அங்குல ஆணியின் பங்கு பெரிது, அரை கிராம் தங்கத்தின் பங்கு சிறிது. திரையில் உலோகத்தின் வகையைக் காட்டும் எண் இரும்புப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டும் ஒரே சமயம் சுருளின் அகலத்துக்குள் இருக்கும்வரை எந்த அமைப்பை மாற்றினாலும் முழுத் தீர்வு கிடையாது. 11 அங்குலச் சுருளைக் கழற்றி 5 அல்லது 6 அங்குலச் சுருளை மாட்டினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். உணர்திறனைச் சற்றுக் குறைத்தால் ஆணியின் சத்தம் பரவும் அகலமும் குறையும். இது புதிய தொல்லையும் அல்ல. 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் தூண்டல் கருவியைக் கொண்டுபோனபோது, படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் காலை வாரிவிட்டன என்பார்கள்.

இரண்டாவது கோளாறு எந்திரத்தின் உள்ளே நடப்பது. டிஸ்க்ரிமினேஷன் என்ற வடிகட்டியைப் போட்டிருந்தால், ஆணி மீது போகும்போது எந்திரம் ஒலியை அணைத்துவிடுகிறது. அணைத்த ஒலி மறுபடி எழ ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்துக்குள் சுருள் தங்கத்தைத் தாண்டிவிட்டால் போச்சு. தங்கத்தின் அலை வந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. இதற்கு மருந்து ரெக்கவரி ஸ்பீடை, அதாவது ஒலி மீண்டெழும் வேகத்தைக் கூட்டுவது, சுருளை ஆட்டும் வீச்சை மெதுவாக்குவது, அல்லது வடிகட்டியையே எடுத்துவிடுவது. ஈக்வினாக்ஸ் 800 என்ற எந்திரத்தில் அந்த வேகம் 1 முதல் 8 வரை. கூட்டினால் ஆழம் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு ஒலிக்கும் எந்திரம் சேர்த்துப் பார்க்கும் அலையின் நேரம் குறைகிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. மண்ணின் தாதுவுக்கு ஏற்பத் தானாகச் சரிசெய்துகொள்ளும் டிராக்கிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, மங்கலான ஒலி வந்த இடத்தில் ‘இருக்கா, இல்லையா’ என்று பத்து தடவை சுருளை ஆட்டினால், எந்திரம் அந்தத் தங்கத்தையும் மண்ணின் குணம் என்று எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடும். மருந்து: ஒலி கேட்டதும் டிராக்கிங்கைப் பூட்டுவது, அல்லது இரண்டடி தள்ளிப் போய் வெறும் மண்ணில் ஆட்டிவிட்டுத் திரும்பி வருவது.

ஆகவே மூன்று சொல் வேண்டும்.

மாரிக்குப்பம் எழுதியது:

அண்ணே, கணக்கு சரி. ஆனா ரெண்டாவது கோளாறுக்குப் பேரே வேண்டாம்னு சொல்ற ஆள் நான். பொன் தேடறவன் வடிகட்டியைப் போடவே கூடாது. தாது மண்ணுல சின்னத் தங்கம் இரும்புன்னே காட்டும். ஈயமும் தங்கமும் ஒரே எண்ணுல விழும், அலுமினியத் தாளும் அங்கதான் விழும். எண்ணைப் பாத்துத் தோண்டறவன் தங்கத்தைத்தான் விட்டுட்டு வருவான்.

1980-ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல கிங்கோவர் பக்கம் மெஷின்ல கிடைச்ச கட்டி 27 கிலோ. அது ஊரே ஆணியா இருந்தாலும் கத்தியிருக்கும். மறையறதெல்லாம் குன்றிமணிக் கணக்குல இருக்கறதுதான். அதுக்குத்தான் 45, 71 கிலோஹெர்ட்ஸ்னு உயர் அதிர்வெண் மெஷினு. பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பா அனுப்பறது) செம்மண்ணுல ஆழமாப் போகும், ஆனா ஆணிக் காட்டுல இரும்பைப் பிரிச்சுக் காட்ட அதை நம்பமுடியாது. ஒவ்வொரு ஆணிக்கும் குழி தோண்டி முதுகு போயிடும்.

நான் கையேட்டுல எழுதணும்னு சொல்றது கை வேலை. குச்சியில நல்ல காந்தத்தைக் கட்டி மேல் மண்ணை முதல்ல அரிச்சு எடுக்கணும். அப்புறம் சுத்தமான ஒரு இடமாப் பாத்து சுருளை மேலேயும் கீழேயும் ஆட்டி மண்ணுக்குச் சமன் பண்ணணும். அடியில ஆணி இருக்கற இடத்துல சமன் பண்ணா அன்னைக்கு முழுக்க மெஷின் பொய் பேசும். வீச்சு ஒவ்வொண்ணும் முந்தின வீச்சுல பாதியை மிதிக்கணும். ஒலி வந்தா அங்கேயே நின்னு 90 டிகிரி சுத்தி வந்து மறுபடி வீசணும். படுத்துக் கிடக்கற ஆணி நீளவாக்குல ரெண்டு தடவை கூவும், குறுக்கே போனா ஒரு தடவை. தங்கம் எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி.

இன்னும் சந்தேகமா, பூட்ஸால ரெண்டு விரக்கடை மண்ணைத் தள்ளுங்க. ஒலி மண்ணோட நகர்ந்தா பெரும்பாலும் மேல் குப்பை. ஒலி சுத்தமாக் காணாமப் போனா அது பெரும்பாலும் துரு. ஆணியைச் சுத்தி மண்ணுல ஊறின துரு கலைஞ்சதும் சத்தம் செத்துடும். தங்கம் துருப்பிடிக்காது, மண்ணுல ஊறாது. ஒலி அங்கேயே நின்னு கூர்மையாச்சுன்னா தோண்டுங்க. தோண்டின மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில அள்ளி, பாதி கொட்டி, மீதியைச் சுருள் மேல காட்டி, சத்தம் இருக்கற பாதியை மறுபடி பாதியாக்கி... நாலஞ்சு தடவையில கையில இருக்கும். இரும்புக் கரண்டி எடுத்தா கரண்டிதான் கத்தும்.

உரைகல் எழுதியது:

தம்பி சொல்வது சரிதான், ஆனால் சதுர அடிக்கு நாலு ஆணி கிடக்கும் இடத்தில் வடிகட்டியே வேண்டாம் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். அங்கே எல்லாரும் போடத்தான் செய்வார்கள். போடுகிறவர் என்ன இழக்கிறார் என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். ‘வாய்ப்பூட்டு’ என்று வைக்கலாம். எந்திரத்தின் வாயை நாமே பூட்டுகிறோம், பூட்டு திறக்கும் முன் தங்கம் கடந்துவிடுகிறது. யாரால் வந்த வினை என்பதும் பெயரிலேயே இருக்கிறது. ரெக்கவரி ஸ்பீட் அப்போது ‘பூட்டுத்திறப்பு வேகம்’ என்று இழுக்காமல் ‘மீள்வேகம்’ என்றே இருக்கட்டும்.

மூன்றாவது ‘விழுங்கல்’. அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

முதலாவதற்கு, பள்ளிப் புவியியலில் ‘மழைமறைவுப் பகுதி’ படித்தது நினைவிருக்கும். மலை நிற்பதால் மழை விழாத நிலம். அதே அச்சில் ‘இரும்புமறைவு’ என்றால் என்ன? ஆணியைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் தங்கம் ஒலிக்காது என்று ஓர் இடத்தையே அது காட்டுகிறது.

சுருளி எழுதியது:

அக்கா, இடத்தைக் காட்டும் பெயர் என்பது மிகச் சரி. சுருளின் அகலத்தைப் பொறுத்து விரிந்து சுருங்கும் ஒரு வட்டம்தான் அது. ஆனால் இரும்புமறைவு ஒட்டாது. பித்தளைத் தோட்டா உறையும் மறைக்கும், நசுங்கிய அலுமினிய டப்பாவும் மறைக்கும். இன்னொன்று, மழைமறைவில் மறைவது மழை, மறைப்பது மலை. உங்கள் அச்சில் வார்த்தால் இங்கே மறைவது இரும்பாகிவிடும். மறைவது தங்கமல்லவா? ‘பொன்மறைவு’ என்றால் இலக்கணமும் நிற்கிறது, எந்தக் குப்பைக்கும் பொருந்துகிறது.

ஒரு சேர்க்கை. டிடி சுருளின் (D வடிவச் சுருள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது) உணர்பட்டை முன்னிருந்து பின்னாக நீளும் ஒடுக்கமான பட்டை. ஆணியும் தங்கமும் அந்தப் பட்டையின் நீளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தால் இரண்டும் ஒரே நொடியில் கேட்கும். வீச்சின் திசையில் பக்கம்பக்கமாகக் கிடந்தால் ஒன்று முடிந்து மற்றொன்று கேட்கும். தம்பி சொன்ன 90 டிகிரி சுற்றலுக்கு இதுவும் ஒரு காரணம். தங்கத்துக்கு நேர் மேலே ஆணி கிடந்தால் மட்டும் எந்தக் கோணமும் உதவாது. ஆணியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் மறுபடி வீச வேண்டும். அதனால்தான் ஆணி எடுத்த குழியை மூடும் முன் ஒருமுறை சுருளைக் காட்டச் சொல்கிறார்கள். ‘குழி திரும்பப் பார்த்தல்’ என்று கையேட்டில் தனி வரியாகவே போடலாம்.

மாரிக்குப்பம் எழுதியது:

பொன்மறைவு நல்லா இருக்கு. நாணயம் தேடறவங்க ‘அப்ப எங்களுக்கு?’ன்னு கேப்பாங்க, அவங்க புத்தகத்துல அவங்க பாத்துக்கட்டும்.

நெறியாளர் எழுதியது:

அப்படியானால் பொன்மறைவு, வாய்ப்பூட்டு, விழுங்கல். மாற்றுக்கருத்து இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள். முதல் இரண்டையும் வாசகர் தானே பிரித்துப் பார்க்க ஒரு சோதனையை அத்தியாயத்தின் நடுவில் வைக்கிறேன். வரைவு இதோ:

“தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டில் அரை கிராம் உள்ளதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் சின்னத் தங்கக்கட்டிபோலவே ஒலிக்கும். குப்பையில்லாத மண்ணில் அதை வைத்து, 15 செ.மீ. தள்ளி 2 அங்குல ஆணி ஒன்றை வையுங்கள். வடிகட்டியைப் போட்டுக்கொண்டு, சுருளைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வீசுங்கள். ஆணியைச் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டே வாருங்கள். ஈயத்தின் ஒலி நின்ற தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வடிகட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் வீசுங்கள். ஈயம் மறுபடி கேட்டால் அங்கே இருந்தது வாய்ப்பூட்டு. அப்போதும் கேட்காவிட்டால் பொன்மறைவு. சிறிய சுருளை மாட்டி, பக்கத்தை மாற்றி வீசி, அந்த வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.”

சுருளி எழுதியது:

ஒரு வரி சேருங்கள்: கைப்பேசியைத் தள்ளி வைக்கவும், மின்கம்பிக்கு அடியில் நிற்க வேண்டாம். அந்த இரைச்சலையும் பொன்மறைவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாரிக்குப்பம் எழுதியது:

நம்ம ஊர் ஆளுங்க இதை மொட்டை மாடியில செஞ்சு பாப்பாங்க. காங்கிரீட்டுக்குள்ள முழுக்கக் கம்பி, தொடங்கும்போதே கத்தும். மேசை மேல வேண்டாம், அதுல ஆணி இருக்கும். மண் தரை, இல்லைன்னா பிளாஸ்டிக் நாற்காலி.

இதைப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கோலார் ரயில் ஏறவும் வேண்டாம்னு எழுதுங்க. 2001 பிப்ரவரி 28-ல மூடின சுரங்கம் அது, அங்க இருந்தது படிகக்கல்லுக்குள்ள நுண்ணியதாப் படிஞ்ச தங்கம், மண்ணுல உருளற கட்டி இல்லை. சயனைடு மேட்டுல, அதாவது தங்கம் பிரிச்ச பிறகு கொட்டின கழிவு மண்மேட்டுல, மிச்சம் இருக்கறது கண்ணுக்கே தெரியாத துகள். எந்தச் சுருளுக்கும் கேக்காது. சட்டமும் விடாது. 1957-ஆம் வருச கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமக் கனிமம் தேடக்கூடாது. மண்ணுக்குள்ள புதையல் கிடைச்சா கலெக்டர்கிட்ட சொல்லணும்னு தனிச் சட்டமும் இருக்கு. விக்டோரியாவுல அப்படி இல்லை, மைனர்ஸ் ரைட்ங்கற தேடல் அனுமதியை வாங்கினா 10 வருசம் செல்லும், தேசியப் பூங்கா மாதிரி விலக்கின இடங்களை விட்டுட்டுக் கைக்கருவியால தேடலாம். தோண்டின குழியை மூடணும்.

உரைகல் எழுதியது:

அடுத்த அத்தியாயத்தில் ‘சூடான பாறை’ என்று ஒன்று பல்லிளிக்கிறது. கல் சுடுவதில்லை. சுற்றியிருக்கும் மண்ணைவிடத் தாது கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதால் தங்கம்போல் கூவும் கல் அது. ‘பொய்க்கல்’ என்று மாற்றிவிட்டேன். யாருக்காவது மறுப்பு உண்டா?