எலும்பு சேராமல் ஸ்டெம் செல் வரைக்கும் போனவர்கள் யாராவது உண்டா?

ஒத்தக்கால் கொக்கு:

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு முறிந்தது, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. மறுநாளே உள்ளே ராடு போட்டுவிட்டார்கள். நாலு மாதத்தில் நடக்கலாம் என்றார்கள், நானும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். நாலாவது மாத எக்ஸ்ரேயில் கோடு அப்படியே இருந்தது. ஆறாவது மாதமும் அதே கோடு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "கொஞ்சம் மங்கின மாதிரி இல்ல?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் படுத்துவேன்.

ஒன்பது மாதம் தாண்டியதும் டாக்டர் சொல்லிவிட்டார், இது தானாகச் சேராது என்று. முறிந்த இரண்டு முனைகளும் சீவின பென்சில் மாதிரி மெலிந்துபோயிருந்தன. அந்த இடத்தில் சதையும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. போதாததற்கு நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். அதைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இரண்டு வழி சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துண்டு வெட்டி, காலைத் திறந்து அங்கே வைப்பது ஒன்று. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை மட்டும் உறிஞ்சி, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களை, செறிவாக்கி ஊசியாகப் போடுவது இன்னொன்று. ராடு ஆடாமல் உறுதியாக இருக்கிறது, எலும்பில் பெரிய இடைவெளியும் இல்லை, அதனால்தான் இரண்டாவதைச் சொல்கிறேன் என்றார். சிகரெட்டை விட்டால்தான் செய்வேன் என்றும் சொன்னார். விட்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, நான் விழித்தேதான் இருந்தேன். சுத்தியால் ஊசியை எலும்புக்குள் தட்டும் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறையில் பலகையாகக் கிடந்த மாதிரி இருந்தது. எடுத்ததைப் பக்கத்தில் ஒரு மெஷினில் சுற்றவிட்டார்கள். அது முடிந்ததும் திரையில் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே முறிந்த இடத்தில் ஊசி போட்டார்கள். காலில் தையல்கூட இல்லை. இடுப்புதான் நாலைந்து நாள் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது.

இரண்டாம் மாதப் படத்தில் பஞ்சு மாதிரி ஒரு நிழல். ஐந்தாம் மாதம் ஊன்றுகோலை விட்டேன். செல்தான் சேர்த்ததா, சிகரெட்டை விட்டதுதான் சேர்த்ததா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். உங்கள் கதையையும் எழுதுங்கள்.

சுழலும் குழாய்:

நீங்கள் சொன்ன அந்த மெஷினை இயக்கும் வேலைதான் என்னுடையது. நோயாளியின் பக்கத்திலிருந்து இதைப் படிப்பது இதுதான் முதல் தடவை.

நாங்கள் சுமார் 60 மில்லி மஜ்ஜை வாங்கி, கால் மணி நேரம் சுற்றவிட்டால் 7, 8 மில்லி மிஞ்சும். அதிலும் முக்கால்வாசி சாதாரண ரத்த செல்கள்தான். எலும்பாக மாறக்கூடிய செல் மஜ்ஜையில் லட்சத்தில் ஒன்றிரண்டு, மிஞ்சிப்போனால் பத்து இருக்கும். அதனால் எடுக்கிறவர் கையில்தான் பாதி விஷயம். ஒரே இடத்தில் ஊசியை வைத்து ஒரேயடியாக இழுத்தால் வருவது வெறும் ரத்தம். கொஞ்சம் இழுத்து, ஊசியைத் திருப்பி, தள்ளிக் குத்தி, மறுபடி கொஞ்சம் இழுக்க வேண்டும். நீங்கள் கேட்ட தட்டல் சத்தம் பல தடவை கேட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள்!

2005-ல் பிரான்ஸில் எர்னிகூ என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். உங்களைப் போலவே கீழ்க்கால் எலும்பு சேராத 60 பேருக்கு மஜ்ஜை ஊசி போட்டார்கள், 53 பேருக்குச் சேர்ந்தது. சேராத 7 பேருக்குப் போன ஊசியில் அந்தச் செல்கள் ரொம்பக் குறைவு. ஆனால் ஊசி போடாமல் விட்ட குழு ஒன்றை வைத்து அதில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே உங்கள் சிகரெட் குழப்பம் நியாயமானதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. செல்கள் எத்தனை என்று எண்ண, அவற்றை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்துப் பதினாலு நாள் ஆகும். அதற்குள் ஊசி எப்போதோ உங்கள் காலுக்குள் போயிருக்கும்.

அப்பாவின் மகள்:

எங்கள் கதை நேர்மாறு. அப்பாவுக்குத் தொடை எலும்பு, பிளேட் போட்டும் சேரவில்லை. சர்க்கரை வேறு. "ஸ்டெம் செல் போட்டால் சேர்ந்துவிடும்" என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார், நாங்களும் நம்பினோம். போட்டு ஆறு மாதம், ஒரு மாற்றமும் இல்லை. சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுடும், அதைச் சளி என்று நினைத்து விட்டுவிட்டோம்.

இரண்டாவது டாக்டர் முதலில் கேட்டதே சி.ஆர்.பி. ரிப்போர்ட்தான், உடம்பில் அழற்சியோ கிருமியோ இருந்தால் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. திறந்து பார்த்தால் உள்ளே கிருமி. பிளேட்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் கட்டி வைத்து, வெளியே கம்பிச் சட்டம் மாட்டினார்கள். எட்டு வாரம் கழித்து, சிமென்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டியிருந்தது. சிமென்டை எடுத்துவிட்டு, அந்த உறைக்குள் இடுப்பெலும்புத் துண்டுகளை நிரப்பினார்கள். ஒரு வருடம் ஆனது. இப்போது மாடி ஏறுகிறார்.

செல் மேல் எனக்குக் கோபம் இல்லை. சீழ் பிடித்த இடத்தில் அதை ஊற்றினால் அது என்ன செய்யும்? கிருமி இருக்கிறதா, எலும்பு ஆடுகிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தூக்கியவர் மேல்தான் கோபம்.

ஒரு இடுப்பு போதும்:

எனக்கு முறிவு இல்லை. ஸ்டீராய்டு நிறைய எடுத்ததில் இரண்டு தொடை எலும்பின் பந்துக்கும் ரத்தம் போகாமல் உள்ளே செத்துப்போனது. இடது பக்கம் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது, பந்து உருண்டையாகவே இருந்தது. அதில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து, என் மஜ்ஜையையே உள்ளே விட்டார்கள். ஆறு வாரம் ஊன்றுகோல். நாலு வருடம் ஆகிறது, இடது பக்கம் தாங்குகிறது.

வலது பக்கப் பந்து ஏற்கெனவே நசுங்கியிருந்தது. அதற்கும் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். "இடிந்த கூரையைச் செல் தூக்கி நிறுத்தாது" என்று டாக்டர் மறுத்துவிட்டார். செயற்கை மூட்டு வைத்தாயிற்று. அவர் மறுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியவில்லை.

சுழலும் குழாய் அவர்களுக்கு ஒரு கேள்வி. பிறந்தபோது சேமித்த தொப்புள்கொடி ரத்தம் இதற்கு உதவுமா? என் தங்கை அவள் குழந்தைக்குச் சேமித்திருக்கிறாள், அதனால் கேட்கிறேன்.

சுழலும் குழாய்:

அதில் இருப்பது பெரும்பாலும் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல். ரத்த நோய்களுக்குப் பயன்படுவது அது. எலும்பு கட்டும் செல் வேறு வகை. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் வினை. எலும்பு கட்டும் வகைக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991-ல் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி கேப்லனே பின்னாளில் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். அந்தச் செல்கள் தாமே புது உறுப்பாக மாறுவதைவிட, சுற்றியிருக்கும் செல்களுக்குச் சமிக்ஞை கொடுத்து வேலை வாங்குவதுதான் அதிகம் என்பது அவர் வாதம். யார் கேட்டார்கள்!

ஒத்தக்கால் கொக்கு:

அப்பாவின் மகள் எழுதியதைப் படித்ததும் என் பழைய பைலைப் புரட்டினேன். ஊசிக்கு முன்னால் எனக்கும் சி.ஆர்.பி. இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள். எதற்கு இத்தனை ரத்தம் எடுக்கிறார்கள் என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன்.

இப்போது என் பிரச்சினை ராடுதான். எடுக்கலாமா, அப்படியே விடலாமா என்று அடுத்த மாதம் முடிவு சொல்ல வேண்டும். எடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.