வத்தல் காயுது, யாருக்கு எத்தனை கிலோ?

குழு: பாளையங்கோட்டை வீடு

வியாழன்

சண்முகவடிவு பெரியம்மா: மிளகாய் வத்தல் வாங்கியாச்சு. குண்டு வத்தல் மூணு கிலோ, நீட்டு வத்தல் ரெண்டு கிலோ, மல்லி ஆறு கிலோ. மொட்டை மாடியில பழைய வேட்டியை விரிச்சுக் காயப் போட்டிருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் மில்லுல குழம்புப் பொடி திரிக்கணும். யாருக்கு எத்தனை கிலோன்னு இப்பமே சொல்லிருங்க.

சங்கர் மாமா: எனக்கு ரெண்டு கிலோக்கா. குண்டு வத்தல் எந்த ஊர்ச் சரக்கு?

சண்முகவடிவு பெரியம்மா: முதுகுளத்தூர்ப் பக்கம்னு கடைக்காரர் சொன்னார். ஒண்ணை எடுத்துக் குலுக்கிப் பாத்தேன், உள்ள விதை கலகலங்குது. தோலும் நல்ல தடிமன்.

சங்கர் மாமா: நல்ல சரக்குதான். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுதே. நீட்டு வத்தல் நிறத்துக்கும் உறைப்புக்கும், குண்டு வாசத்துக்கும் கெட்டிக்கும்னு அப்பா சொல்லுவா.

வள்ளி: பெரியம்மா, இந்த வருஷம் எனக்கு வேண்டாம். போன வருஷம் தந்த ஒன்றரை கிலோவுல பாதி அப்படியே இருக்கு. நான் வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் சமைக்கிறேன். மாவு கடையில, இஞ்சி பூண்டு விழுது பாட்டில்ல, தேங்காய்ப்பால் டப்பாவுல. பொடியும் பாக்கெட்டா வாங்கிக்கறேன். உங்க உழைப்பை வீணாக்குறேனேன்னு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மனசு உறுத்துது.

அம்மா: வள்ளி, என்ன பிள்ள இப்படிச் சொல்லுத.

வள்ளி: சொல்லாம மறைக்கிறதுதான்மா கஷ்டமா இருக்கு. போன மாசம் அத்தை பெங்களூர் வந்திருந்தப்போ மாவுக் கவரைக் காய்கறித் தோலுக்கு அடியில தள்ளி ஒளிச்சு வச்சேன். இட்லி பூ மாதிரி இருக்குன்னு அத்தை சொன்னாங்க. நான் வாயே திறக்கல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

கோமதி சித்தி: வள்ளி, அந்தக் கவரை எதுக்கு ஒளிச்ச?

கோமதி சித்தி: நான் இந்தத் தென்காசியில தெனமும் நாப்பது கிலோ மாவு ஆட்டுதேன். விடியக்காலம் நாலு மணிக்கு உளுந்து கிரைண்டர்ல விழுந்துரும். அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கை வெந்தயம். உளுந்து சூடாகக் கூடாதுன்னு ஃபிரிட்ஜ் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு ஆட்டுதேன். சோடா உப்பு என் வீட்டுக்குள்ளேயே கிடையாது. என்கிட்ட மாவு வாங்குதவங்க டீச்சர், நர்ஸ், பீடி சுத்துத அக்கா, தனியா இருக்க தாத்தா. அவங்க யாரும் அந்தக் கவரை ஒளிக்கணும்னு நான் நெனச்சதே இல்ல. கடை மாவுன்னு சொன்னாலும் அதை ஆட்டுனது ஒரு பொம்பள கைதான்.

வள்ளி: சித்தி, உங்களை நெனச்சு அதைச் சொல்லல. மன்னிச்சிருங்க.

கோமதி சித்தி: மன்னிப்பு எதுக்கு தாயி. ஆனா வாங்கத் தெரிஞ்சு வாங்கணும். அன்னன்னைக்கு ஆட்டுன புளிக்காத மாவா வாங்கு. கரண்டியில எடுத்து ஊத்திப் பாரு. தண்ணியா ஓடுனா உளுந்து காணாதுன்னு அர்த்தம். சில இடத்துல அஞ்சாறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டுட்டு, உப்புறதுக்கு சோடாவைக் கொட்டுதாங்க. அந்த இட்லி சூட்டுல மெத்துன்னு இருக்கும், ஆறுனா ரப்பர். வாங்குனதும் ஃபிரிட்ஜ்ல வைக்காத. வெளியில வச்சுப் பொங்க விட்டுட்டு அப்புறம் வை.

வள்ளி: இங்க குளிர்ல பொங்கவே மாட்டேங்குது சித்தி.

கோமதி சித்தி: ஓவன் இருந்தா அதுக்குள்ள விளக்கை மட்டும் எரிய விட்டு வை. அந்தச் சூடு போதும்.

சண்முகவடிவு பெரியம்மா: நானும் ஒண்ணு சொல்லுதேன். எனக்குத் தோள்பட்டை வலி வந்து ரெண்டு வருஷமாச்சு. கிரைண்டர் கல்லைத் தூக்க முடியல. அப்ப இருந்து பக்கத்துத் தெரு பிள்ளைட்டதான் மாவு வாங்குதேன். வாரத்துக்கு மூணு தடவை ஊறப்போட்டு, ஆட்டி, கழுவி வைக்க வேலை அது. ஒத்த ஆளா என்னால முடியாது. பொடி அப்படி இல்ல. வருஷத்துக்கு மூணு நாள் வெயில், ஒரு சாயங்காலம் மில்லு. வத்தல் காம்பு கிள்ள எதிர்வீட்டு மதினி, மல்லி புடைக்க மேலத்தெரு அக்கா, தூக்கிட்டுப் போக சங்கர். மூணு நாள் பாடுக்கு வருஷம் முழுக்கக் குழம்பு மணக்கும். அதனாலதான் மாவை விட்டாலும் பொடியை விட மாட்டேங்கேன்.

அம்மா: அக்கா, நீ மாவு வாங்குதது எனக்குத் தெரியவே தெரியாதே.

சண்முகவடிவு பெரியம்மா: நீ கேக்கல, நானும் சொல்லல.

உலகு அண்ணன்: வள்ளி, பாக்கெட்தான் வாங்கப் போறேன்னா பின்பக்கத்தைப் படி. பொருள்களை எடை வரிசையிலதான் போடணும்னு சட்டம். அதிகமா இருக்கிறது முதல்ல வரும். சாம்பார் பொடியில உப்பு முன்னாடி நின்னா நீ உப்புக்குத்தான் காசு கொடுக்கிற. 14 இலக்க உரிம எண்ணும் இருக்கணும். நான் தொழிற்சாலையில தரப் பரிசோதனையில இருக்கேன், இதைத்தான் தினமும் பாக்கிறேன்.

உலகு அண்ணன்: தனி மிளகாய்த்தூள் வாங்கினா ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணியில மேலாகத் தூவிப் பாரு. கோடு கோடா நிறம் கீழ இறங்கினா சாயம் கலந்தது. இஞ்சி பூண்டு விழுதை மட்டும் வீட்டுலயே செய்யேன். ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் போதும். உப்பும் எண்ணெயும் சேர்த்து அரைச்சு, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வச்சிரு. சமைக்கும்போது ஒரு கட்டி. சில சமயம் பூண்டு பச்சை நிறமா மாறும், அது கெட்டுப்போனதில்ல, பயப்படாத.

அம்மா: ராத்திரி எல்லாத்தையும் படிச்சுட்டு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. வள்ளி, நான் பள்ளிக்கூடம் போன காலத்துல எனக்கு மசால் அரைச்சது யாருன்னு நினைக்க? ஆச்சிதான். அஞ்சு மணிக்கு அம்மி முன்னாடி உக்காந்து, வத்தலும் மல்லியும் சீரகமும் தேங்காயும் வெண்ணெயா அரைச்சு, வாழையிலையில உருட்டி வச்சிருப்பா. நான் வந்து குழம்புல கரைச்சு விட்டுட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன். எல்லாரும் என் குழம்பை மெச்சுவாங்க. அது அம்மா கைன்னு நானும் ஒரு நாளும் சொன்னதில்ல. உன்கிட்டயே இப்பத்தான் சொல்லுதேன். நீ அத்தைகிட்ட சொல்லிரு. அவுங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

வள்ளி: அம்மா ❤️

வெள்ளி

வள்ளி: நாளைக்கு மதியம் நாலு பேர் சாப்பிட வாராங்க. சொதி வைக்கணும்னு ஆசை. போன தடவை டப்பாப் பால்ல வச்சேன், திரிஞ்சு போச்சு. தேங்காய் துருவிப் பிழிய இந்தத் தடவையும் நேரமில்ல.

சண்முகவடிவு பெரியம்மா: சொதிக்கு மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்க குழம்பு அது. மூணு பால் வேணும். மூணாம் பால்ல காய் வேகணும், ரெண்டாம் பால்ல கொதிக்கணும், முதல் பால் கடைசில.

அம்மா: அக்கா, அவளுக்கு நேரம் இல்லங்கா. டப்பாப் பாலை வச்சு எப்படிச் செய்யன்னு சொல்லு.

சண்முகவடிவு பெரியம்மா: சரி. டப்பாவைத் திறந்து கால்வாசியை எடுத்து நாலு பங்கு தண்ணி ஊத்திக் கலக்கு. அதுதான் உனக்கு மூணாம் பால். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அதுல வேகட்டும். இன்னொரு கால்வாசிக்குச் சரிபாதி தண்ணி, அது ரெண்டாம் பால். வேக வச்ச பாசிப்பருப்பையும் கீறுன பச்சை மிளகாயையும் அதோட சேத்து ஊத்து. மிச்சம் பாதியைத் தண்ணி விடாம கடைசில ஊத்தி, ஓரத்துல நுரை கட்டும்போதே அடுப்பை அணை. கொதிக்க விட்டா திரியும். போன தடவை எலுமிச்சம்பழம் எப்ப பிழிஞ்ச?

வள்ளி: அடுப்புல கொதிக்கும்போதே.

சண்முகவடிவு பெரியம்மா: அதான் திரிஞ்சிருக்கு. இறக்கி வச்சு, கொஞ்சம் சூடு தணிஞ்ச பெறகு பிழி. இஞ்சியை மட்டும் பாட்டில்ல இருந்து எடுக்காத. ஒரு துண்டு தட்டிச் சாறு எடு, அஞ்சு நிமிஷ வேலை. சொதியோட குணமே அந்த இஞ்சிச் சாறுலதான் இருக்கு. தொட்டுக்க இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும்.

வள்ளி: வறுவல் கடையில வாங்கலாமா?

சண்முகவடிவு பெரியம்மா: வாங்கு. அதுக்கு என்ன.

சனி

வள்ளி: [படம்] திரியல பெரியம்மா! நாலு பேரும் ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டாங்க. பால் டப்பான்னு நானே சொல்லிட்டேன். இஞ்சிச் சாறு என் கைன்னும் சொன்னேன். காலைல அத்தைக்கும் போன் பண்ணி மாவு விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கடை, கிலோ எவ்வளவுன்னுதான் கேட்டாங்க.

கோமதி சித்தி: அடுத்த தடவை வந்தா தென்காசிக்குக் கூட்டிட்டு வா. மாவு நான் தாரேன்.

சங்கர் மாமா: மில்லுக்கு வந்தாச்சு. வத்தல் மொறுமொறுன்னு இருக்கு, கையில ஒடியுது. எனக்கு முன்னாடி ஒருத்தர் வெறும் மிளகாய் திரிச்சிருக்கார். ஒரு கை மல்லியைப் போட்டு ஓட்டி அதைத் தனியா எடுத்தாச்சு. விரலி மஞ்சளை உடைக்காம குடுத்துவிட்டிருக்கியே அக்கா, இங்க உரல்ல இடிச்சுத்தான் போட்டாங்க.

சண்முகவடிவு பெரியம்மா: சீரகம், மிளகு, வெந்தயம், துவரம்பருப்பு, பச்சரிசி எல்லாம் ஒரே பையில இருக்கு. ரெண்டு தடவை ஓட்டச் சொல்லு.

சங்கர் மாமா: ரெண்டு தடவை ஓட்டியாச்சு. வீட்டுக்கு வந்து பேப்பர்ல விரிச்சிருக்கு. கை வைக்க முடியல, அவ்வளவு சூடு.

சண்முகவடிவு பெரியம்மா: நல்லா ஆறட்டும். சூட்டோட டப்பாவுல அடைச்சா வேர்த்துக் கட்டி கட்டும், வண்டு வரும். ராத்திரி கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு போட்டு மூடுவோம். வள்ளி, உன்கிட்ட பழசு எங்க வச்சிருக்க?

வள்ளி: அடுப்புக்கு மேல உள்ள அலமாரியில.

உலகு அண்ணன்: அங்க வச்சா சூட்டுல வாசம் போயிரும். ஃபிரிட்ஜுக்கு மாத்து.

வள்ளி: பெரியம்மா, வியாழக்கிழமை வேண்டாம்னு சொன்னேன்ல. அரை கிலோ மட்டும் கிடைக்குமா? கால் கிலோ கால் கிலோவா ரெண்டு கவர். ஒண்ணை உடைச்சுட்டு இன்னொண்ணை உறைய வச்சிடறேன்.

சண்முகவடிவு பெரியம்மா: உன் பேர் எழுதி ஏற்கனவே எடுத்து வச்சாச்சு.

கோமதி சித்தி: அக்கா, எனக்கு ரெண்டு கிலோ. நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு ஆட்டுனா நான் எப்ப வத்தல் காயப் போட.

சங்கர் மாமா: திங்கக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்ல போடுதேன் வள்ளி. காலைல போய் வாங்கிக்கோ, கவர்ல மேல உன் பேர் இருக்கும்.